எண்ணெய் இல்லாத எண்ணெய்க் கத்திரிக்காய்

திண்டிவனத்தில் என் அக்கா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்வாள். அதில் எண்ணெய் இருக்காது. விழுப்புரத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில், மதியச் சாப்பாட்டு வேளையில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?" என்று கேட்பார்கள். பேரை மாற்றக் கூடாது என்று சொன்னது அக்கா வீட்டுக்காரர். அவரை நான் மாமா என்பேன். பேரும் போய்விட்டால் தட்டில் என்ன மிச்சம் என்பது அவர் கட்சி.

அந்த வீட்டை முன்பு பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மாமாவுக்கு எண்ணெய்க் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அறுவடை சமயத்தில் சுற்றுப்பட்டு ஊர்களில் மல்லாட்டை வாங்கி, ஆலையில் ஆட்டி எடுத்து வந்து கடையில் விற்பார். கண்டாச்சிபுரம் பக்கமிருந்துகூட மூட்டைகள் வரும். மூட்டையை அவிழ்த்து நாலு காயை உடைத்து, பருப்பைப் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வைத்துக் கட்டை விரலால் நசுக்கித் தேய்ப்பார். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். கறை எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று பார்த்தே மூட்டையை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லிவிடுவார்.

எண்ணெய் விற்கிற வீட்டில் எண்ணெய்க்குக் கணக்கு ஏது? அக்கா ஒரு தோசைக்கு ஊற்றுகிற எண்ணெயில் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சமையலே முடிந்துவிடும். குழம்பு கொதித்து மேலே எண்ணெய் பிரிந்து மிதக்காவிட்டால் அதைக் குழம்பு என்றே மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். அக்காவும் சளைத்தவள் இல்லை. பருப்பு வடையில் மொறுமொறுவென்று சிவந்த ஓரத்தைப் பிய்த்துத் தனியாக வைத்துக்கொண்டு கடைசியில் தின்பாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். என் வடையின் ஓரமும் பல நாள் அவள் வாய்க்குள்தான் போயிருக்கிறது.

ஒரு கல்யாண விருந்து முடிந்து வந்த மத்தியானம் மாமாவுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. வாயு என்று சோடா வாங்கிக் குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். வலி முதுகு வரை ஊடுருவி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அவர் குனிந்தே நின்றதைப் பார்த்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தாள். விழுப்புரத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். இங்கே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எடுத்த ரத்தத்தைக் குழாயில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம் திரண்டிருந்தது. டாக்டர் அதை அக்காவிடம் காட்டினார்.

"கணையம் வீங்கி இருக்கு. ரத்தத்துல கொழுப்பு ஏறினதாலதான் இப்படி. இந்தத் தடவை தப்பிச்சிட்டாரு. இன்னொரு தடவை வந்தா என்னால எந்த உறுதியும் குடுக்க முடியாதும்மா" என்றார்.

அக்கா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று சொல்லி அனுப்பினார்கள். எண்ணெய், நெய், வெண்ணெய், தேங்காய், பொரித்தது, கொட்டை வகைகள் எதுவும் ஆகாது. சர்க்கரையும் குறைக்க வேண்டும். மாமா வீடு வந்து சேர்வதற்குள் அக்கா அடுப்படியிலிருந்த எண்ணெயை எல்லாம் கடைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டு சமையல் செய்யவும் அவள் தயாராக இல்லை. "அவரு கஞ்சி குடிச்சிகினு இருக்கசொல்ல பக்கத்துல ஒக்காந்து நான் வடை துன்னுவேனா?" என்றாள். அன்று முதல் அவளுக்கும் அதே சாப்பாடுதான்.

பத்தியம் என்றால் வாய் செத்துவிடும் என்று பயந்து போயிருந்த மாமாவுக்கு, அடுத்த வாரமே குழம்பு கெட்டியாக, மணமாக வந்தது. நானும் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. எண்ணெய்க்குப் பதிலாக அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மல்லாட்டையை வெறும் சட்டியில் வறுத்து, தோல் நீக்கி, மை மாதிரி அரைத்துக் குழம்பில் ஊற்றினாள். பொரியலுக்கு அதையே பொடித்துத் தூவினாள். இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி. சாயங்காலம் அவித்த மல்லாட்டை ஒரு கிண்ணம். மாமாவின் முகத்தில் மறுபடி களை வந்தது. "எண்ணெயே இல்லாம இவ்ளோ ருசியா பண்றாளே, இத்தினி வருஷம் எண்ணெய வீணா ஊத்திகினு இருந்திருக்கா" என்று என்னிடம் பெருமைப்பட்டார். நானும் தலையாட்டினேன்.

மறு பரிசோதனைக்கு இருவரும் விழுப்புரம் வந்தார்கள். ரத்தத்தில் கொழுப்பு இறங்கவே இல்லை. டாக்டர் முகம் மாறிவிட்டது. எங்களைப் பக்கத்து அறையில் இருந்த டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண். அக்காவை உட்கார வைத்து, என்ன சமைக்கிறாள் என்று நிதானமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஒரு சொட்டு எண்ணெ கெடையாதும்மா. சாமி சத்தியமா. தேங்கா கெடையாது. முந்திரி கெடையாது" என்றாள் அக்கா.

"அப்ப கொழம்பு தண்ணியா இருக்குமேக்கா, அண்ணன் எப்படிச் சாப்பிடறாரு?"

"தண்ணியா இன்னாத்துக்கு இருக்குது? மல்லாட்டைய வறுத்து அரைச்சி ஊத்தறேன். கெட்டியா வந்துரும்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். மாமாவைப் பார்த்து, "அண்ணா, நீங்க இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டாள்.

"எண்ணெக் கடைம்மா. திண்டிவனத்துல."

"இன்னா எண்ணெ?"

"மல்லாட்ட எண்ணெ" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். ஆயுசு முழுக்கப் பருப்பைக் காகிதத்தில் நசுக்கி எண்ணெய் பார்த்த மனிதர் அவர். மூட்டையைத் தொட்டாலே எத்தனை டின் தேறும் என்று சொல்லக்கூடிய குடும்பம். கூட நான், கணக்கு டீச்சர். மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு எண்ணெய் என்றால் டின்னில் இருப்பது. மல்லாட்டை என்றால் விளைச்சல், பயிர், பசிக்கு ஒரு பிடி. டாக்டர் கொட்டை வகை என்றபோது நாங்கள் முந்திரியையும் பாதாமையும் நினைத்துக்கொண்டோம். மண்ணுக்குள் விளைகிற மல்லாட்டையைக் கொட்டை என்று எங்கள் ஊரில் யார் சொல்வார்கள்?

"பருப்புல பாதிக்குப் பாதி எண்ணெதாம்மா" என்றார் மாமா, மெதுவாக. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. "ஊர்ல நெறைய பேர் இப்படித்தான் பண்றாங்கண்ணா. நல்ல பொருள்தான், உங்களுக்குத்தான் ஆகாது" என்று ஆறுதலாகச் சொன்னாள். பிறகு அக்காவிடம் திரும்பி, கொழுப்பு சாப்பாட்டில் என்ன செய்கிறது என்று விளக்கினாள். நாக்கில் மொழுமொழுவென்று படர வைப்பது ஒரு வேலை. மணத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது இன்னொரு வேலை. சிவக்க வைப்பது, பளபளப்புக் கொடுப்பது, வயிறு நிறைந்த எண்ணம் தருவது என்று அது ஒரே ஆளாக நின்று செய்வதை, வேறு எந்த ஒரு பொருளாலும் செய்ய முடியாதாம். அதனால் கம்பெனிக்காரர்கள் மாவுச்சத்தை, நார்ச்சத்தை, பாலில் உள்ள புரதத்தைப் பக்குவம் செய்து, ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். அக்கா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் பத்தாவது வரை படித்தபோது அவள் எந்த வாத்தியார் சொன்னதையும் இப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் மாமா உடைந்துவிட்டார். வந்த வலியை விட, நல்லது என்று நம்பித் தின்றதே மறுபடி அந்த வலியைக் கூப்பிட்டிருக்கும் என்ற நினைப்பு அவரை அதிகம் பயமுறுத்தியது. "எதுல இன்னா ஒளிஞ்சிகினு இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அன்றிலிருந்து நொய்க் கஞ்சி, உப்பு, ஊறப்போட்ட எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். அக்கா எதை வைத்தாலும் தட்டை நகர்த்திவிடுவார். சட்டை தோளில் தொங்கியது. கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் அக்கா அவரை அவ்வப்போது நிற்கச் சொல்வாள். முள்ளைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். டாக்டரிடம் போனில் கேட்டபோது, சாப்பிடாமல் இப்படிக் கரைவதும் ஆபத்துதான் என்று சொல்லிவிட்டார்.

ஆக, தின்றாலும் பயம், தின்னாவிட்டாலும் பயம். நான் சும்மா இருக்காமல், "அவருக்குத் தைரியம் சொல்லு, ரெண்டு சத்தம் போடு" என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சத்தம்தான் மருந்து. வகுப்பில் அது வேலை செய்யும்.

"பயந்துகினு இருக்கறவர்கிட்ட சத்தம் போட்டா சோறு எறங்குமா? ருசி காட்டிதான் ஒக்கார வைக்கணும். நீ வாரா வாரம் வா. எனக்கு ஒரு வாய் வேணும், ருசி பாத்து உண்மைய சொல்றதுக்கு" என்றாள்.

அப்படித்தான் நான் அவளுடைய பரிசோதனைக்கூடத்து எலி ஆனேன். ஞாயிறு தோறும் விழுப்புரத்தில் பஸ் ஏறுவேன். போகிற இடத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியுமாதலால், வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி, டீக்கடையில் சூடாக இரண்டு போண்டா தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். நல்லது கெட்டது தாண்டிய போண்டா அது. ஒரு நாள் அதைப் பொட்டலம் கட்டி அக்காவுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். இன்னொரு நாள் நான் வெறுங்கையோடு போனபோதும், பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள். "கூட்டேரிப்பட்டுல எறங்கினியா? எண்ணெ வாசன அடிக்குது உம்மேல." நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முதலில் நான்தான் ஒரு யோசனை கொண்டுபோனேன். விழுப்புரம் சூப்பர் மார்க்கெட்டில் கொழுப்பு குறைத்தது என்று அச்சடித்த பாக்கெட்டுகளை வாங்கிப் போனேன். பிஸ்கட், மயோனைஸ், என்னென்னவோ. அக்கா மயோனைஸை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். மொழுமொழுவென்று வெண்ணெய் போலவே இருந்தது. அசந்துவிட்டாள். பாக்கெட்டின் பின்பக்கத்தை என்னைப் படிக்கச் சொன்னாள். எண்ணெய் கொஞ்சம், தண்ணீர் நிறைய, மாவுச்சத்து, சர்க்கரை என்று போட்டிருந்தது.

"அப்ப எண்ணெய எடுத்துட்டு கஞ்சியும் சக்கரையும் போட்டுகினு இருக்கான்."

"ஆமா. அதனால இதுவும் மாமாவுக்கு ஆகாது" என்றேன்.

"ஆகாது. ஆனா கெட்டிக்காரனுங்கடி. நாக்கையே ஏமாத்திப்புட்டானுங்க" என்றாள். கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கஞ்சிதானே? கஞ்சி எனக்குக் காய்ச்சத் தெரியாதா?" என்றாள்.

அங்கேதான் கதை திரும்பியது. அதற்கு அடுத்து வந்த வாரங்களில் நான் தின்ற கண்றாவிகளைச் சொல்லி முடியாது. அரிசி மாவைக் கரைத்து ஊற்றிய குழம்பு ஆறியதும் சுவரில் போஸ்டர் ஒட்டலாம் போல இறுகிவிட்டது. ஆடை நீக்கிய பாலில் தோய்த்த தயிர், அடுப்பில் வைத்ததும் திரிதிரியாகத் திரிந்தது. சுரைக்காயை அவித்து மசித்து ஊற்றிய குருமா நன்றாக வந்தது, ஆனால் சுரைக்காய் நான்தான் என்று அது ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். எனக்கு நாசூக்காகச் சொல்ல வராது. அக்கா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே கரண்டியை வீசியிருப்பேன்.

எதைப் புதிதாகச் சேர்த்தாலும் முதலில் அந்த டயட்டீஷியன் பெண்ணுக்குப் போன் போகும். கேப்பை மாவு ஆகுமா, பொட்டுக்கடலை ஆகுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்வாள். மல்லாட்டையில் பட்ட சூடு. அந்தப் பெண்ணும் சலிக்காமல் பதில் சொன்னாள். கேப்பை ஆகும், பொட்டுக்கடலை கொஞ்சம் ஆகும், ஜவ்வரிசி என்றால் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்பாள். தயிர் திரியாமலிருக்கத் துளி கடலை மாவு கரைத்து விடுங்கள், அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள் என்று அவள் சொன்னது அப்படியே பலித்தது. இரண்டு பேரும் போனில் பேசுவதைக் கேட்டால் ஏதோ ராக்கெட் விடப் போகிறார்கள் என்று தோன்றும்.

நான் பார்த்து வியந்தது தாளிப்பைத்தான். எண்ணெய் இல்லாமல் கடுகு வெடிக்குமா என்று கேட்டேன். இரும்புச் சட்டியை நன்றாகக் காய வைத்து வெறும் கடுகைப் போட்டாள், வெடித்தது. கறிவேப்பிலையும் சுருண்டது. ஆனால் குழம்பில் போட்டால் மணம் நிற்கவில்லை, ஆவியோடு போய்விட்டது. அதற்கு ஒரு வழி செய்தாள். வெங்காயத்தை வெறும் சட்டியில் போட்டுக் கிளறி, அடிப்பிடிக்கிற நேரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டினாள். மறுபடி பிடித்தது, மறுபடி தெளித்தாள். இப்படியே வெங்காயம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது. வறுத்த தனியா, மிளகாய், பூண்டைச் சுடச்சுட அதிலேயே நசுக்கிப் போட்டு, உடனே கேப்பைக் கூழை மேலே ஊற்றி மூடிவிட்டாள். மூடியைத் திறந்தபோது கடை வரைக்கும் வாசம் போனது. எண்ணெய் பிரிந்தால்தானே குழம்பு முடிந்தது என்று தெரியும், இதில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தத்தைக் கேளு" என்றாள். தண்ணீராக இருக்கும்போது சளசளவென்று கொதித்தது, பக்குவம் வந்ததும் மெதுவாகப் பொளக் பொளக் என்று வெடித்தது. அன்றைக்கு அவளைப் பார்த்தபோது என் அக்கா என்ற நினைப்பு போய், யாரோ ஒரு பெரிய வித்தைக்காரியின் பக்கத்தில் நிற்கிறேன் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "போடி, வேலையப் பாரு" என்றாள்.

பிறகு வந்ததுதான் கத்திரிக்காய். பிஞ்சுக் கத்திரிக்காயை நாலாகக் கீறி, பொட்டுக்கடலைப் பொடி அடைத்து, சட்டியில் சுட்டெடுத்தாள். அந்த வெங்காயம், அந்த மசாலா, புளி, கேப்பைக் கூழ். கடைசியில் ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து மசித்துக் கலந்தாள். அவ்வளவுதான், குழம்பின் மேல் ஒரு மினுமினுப்பு ஏறியது. கத்திரிக்காய்கள் எண்ணெயில் குளித்தெழுந்தவை மாதிரி பளபளத்தன. நான் ஒரு வாய் வைத்துவிட்டு, சொல்வதற்குக் குறை தேடினேன், கிடைக்கவில்லை.

மாமாவைக் கூப்பிட்டு இலை போட்டாள். அவர் வழக்கம் போலக் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். இலையில் கத்திரிக்காய் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

"எண்ணெ ஊத்தினியா?"

"இல்லைங்க."

"பளபளன்னு கீது. என் கண்ணுக்கு எண்ணெ தெரியாதா? நான் துன்ன மாட்டனேன்னு ஊத்தினியா?" கோபம் கொஞ்சம்தான், பயம்தான் நிறைய. "அன்னிக்கும் இல்லேன்னுதான் சொன்ன."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவைச் சுட்டிருக்கும். எனக்கே சுரீரென்றது. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லப் போனேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டாள். கடைக்குப் போய் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே பாருங்க."

மாமா அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். குழம்பில் ஒரு விரலைத் தொட்டுக் காகிதத்தின் ஓரத்தில் தேய்த்தார். பக்கத்தில், கடையிலிருந்து ஒரு மல்லாட்டைப் பருப்பைக் கொண்டுவரச் சொல்லி அதையும் நசுக்கித் தேய்த்தார். இரண்டும் ஈரமாகத்தான் இருந்தன. தண்ணீர் என்றால் காய்ந்து போகும், எண்ணெய் என்றால் எத்தனை நேரம் ஆனாலும் கறை நிற்கும். அதனால் காய வேண்டும். மின்விசிறிக்குக் கீழே காகிதத்தை வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடையில் யாரோ வந்து கூப்பிட்டார்கள், மாமா, "அப்பறம் வாங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். அன்றைக்கு அக்கா உட்கார்ந்திருந்த மாதிரி ஒருத்தரையும் பார்த்ததில்லை.

பிறகு மாமா காகிதத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். பருப்பு தேய்த்த இடத்தில் கறை படர்ந்து, பின்னாலிருந்த வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது. குழம்பு தேய்த்த இடத்தில் மசாலாத் தூள் வெறுமனே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினார், உதிர்ந்தது. மறுபடி பிடித்துப் பார்த்தார். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்திரிக்காயைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். கண் நிறைந்துவிட்டது.

"காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார்.

"தண்ணி குடிங்க" என்றாள் அக்கா. அப்புறம் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மாமா சாப்பிட ஆரம்பித்தார். தோளில் தொங்கிய சட்டை மெல்ல மெல்ல உடம்பில் உட்கார்ந்தது. ரத்தத்தில் கொழுப்பு ஒவ்வொரு பரிசோதனைக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. டயட்டீஷியன் பெண் அக்காவிடம் செய்முறை கேட்டு, மற்ற நோயாளிகளுக்குச் சொல்ல எழுதிக்கொண்டாள். எல்லோரும் இப்படிச் சாப்பிட வேண்டியதில்லை, உடம்புக்குக் கொழுப்பும் வேண்டும், இவருக்கு மட்டும்தான் இந்தக் கட்டு என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள். என் போண்டாவுக்கு அது போதுமான அனுமதியாக எனக்குப் பட்டது. எண்ணெய் செய்கிற வேலையை எண்ணெய்தான் முழுசாகச் செய்யும் என்று எனக்குத் தெரியும். அக்கா குழம்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து பொருள் கூடி நின்று அந்த ஒன்றின் இடத்தைத் தாங்குகின்றன. அவற்றைக் கூட்டி வைத்தவளை நினைத்துத்தான் நான் மலைத்துப் போகிறேன்.

போன மாதம் எடுத்த பரிசோதனையில் எல்லாமே சரியாக இருந்தது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், கொஞ்சமாக எண்ணெய்கூடச் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு நான் போனபோது மாமா அடுப்படியில் நின்றிருந்தார். கடையிலிருந்து புது எண்ணெய் கொண்டுவந்து வாணலியில் ஊற்றியிருந்தார். பக்கத்தில் வடைக்கு அரைத்த பருப்பு. அக்காவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்.

"டீச்சரே, நீயும் போய் ஒக்காரு. இத்தினி நாளும் எனக்காவ வாயக் கட்டிகினு இருந்தா. அவளுக்கு வடைன்னா உசுரு. நான் துன்னலன்னா இன்னா, அவ துன்றத பாக்கறேன்" என்றார். அரிகரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் கையில் எண்ணெய் தெறித்தது. அதைக் கவனிக்கவே இல்லை.

ஓரம் சிவந்த வடைகளைச் செய்தித்தாளில் வடித்து, தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டிவிட்டு எதிரிலேயே நின்றார். அக்கா ஒன்றை எடுத்தாள். பழையபடி ஓரத்தைப் பிய்த்துத் தனியாக வைத்தாள். நடுவைத் தின்றாள். பிறகு ஓரத்தைத் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி கீது?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க."

முகமெல்லாம் சிரிப்பாக அவர் அடுப்படிக்குத் திரும்பினார். அக்கா பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து வெந்நீரை மடமடவென்று குடித்தாள். என் காதருகே குனிந்தாள்.

"தொண்டையிலயே நிக்குதுடி. எண்ணெ நாத்தம் தாங்கல. வாய் மாறிப்போச்சு எனக்கு. அவர்கிட்ட சொல்லிடாத."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "இந்தா, இன்னும் ரெண்டு போடட்டா?"

அக்கா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு தட்டை மடியில் வைத்தாள்.

"போடுங்க. ஓரம் நல்லா செவக்க உடுங்க" என்றாள்.